ஆறரை அங்குல லென்ஸும் ஓரத்தில் நின்ற முனுசாமியும்

எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டு இனிமேல் யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். இதை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். காரணம் சொல்லாமல் விட்டால் கிழவனுக்குத் தலைக்கனம் என்பார்கள். சொல்லிவிடுகிறேன்.

வேலூரில் நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த ஸ்டூடியோவை இப்போது நடத்துகிறவர் ஒரு விலைப்பட்டியலை எனக்கு அனுப்பியிருக்கிறார். வழவழ காகிதத்தில் அச்சடித்த சீமைப் பட்டியல். அதில் ஒரு லென்ஸுக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறார். பார்வையும் அகலம், வாயும் பெரிது, வாயை முழுக்கத் திறந்தாலும் மூலைக்கு மூலை துல்லியம் என்று அதில் போட்டிருக்கிறான். ‘வாங்கலாமா? தங்கள் தொழில் அனுபவத்தையும் நாலு வரி எழுதி அனுப்பினால் உபயோகமாக இருக்கும்’ என்று ஸ்டூடியோக்காரர் கேட்கிறார். என் அனுபவம் யாருக்கு உபயோகப்பட்டது? கன்னியம்மாளுக்கு அது செய்த உபகாரத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

படம் பிடிக்கத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. லென்ஸின் வாய் பெரிதானால் வெளிச்சம் ஜாஸ்தி உள்ளே வரும். கண் இமைக்கும் நேரத்தில் வேலை முடியும். வாய் சிறிதானால் எதிரே நிற்பவர்கள் மூன்று எண்ணும்வரை, நாலு எண்ணும்வரை சிலையாக நிற்க வேண்டும். பார்வை அகலமான லென்ஸ் என்றால் கிட்டத்தில் இருந்தே பெரிய கூட்டத்தை அடக்கிவிடலாம். இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்வதுதான் கஷ்டம். அகலமாகவும் பார்க்க வேண்டும், வாயையும் பெரிதாகத் திறக்க வேண்டும் என்றால் நடுவில் உட்கார்ந்தவரின் மீசையில் மயிரை எண்ணலாம், ஓரத்தில் நிற்பவன் கலங்கிப் போவான். என் காலத்தில் அப்படித்தான். இப்போது மாறிவிட்டது என்கிறார்கள். மாறியிருக்கட்டும்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பை நிறுத்திவிட்டுப் பதினேழு வயதில் ரங்கய்ய நாயுடுவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் படம் பதியும் கண்ணாடித் தகடு கழுவினேன். மூன்று வருஷம் இருட்டறையில் மருந்து கலக்கினேன், பென்சிலும் தூரிகையும் வைத்து முகத்தில் இருக்கும் அம்மைத் தழும்பை எடுத்தேன், இல்லாத புருவத்தை வைத்தேன். கை எனக்கு நன்றாக வரும். அதற்குப் பிறகுதான் காமிராவைத் தொட விட்டார்.

நாயுடு குள்ளமான மனிதர். கழுத்துவரை பித்தான் போட்ட கோட்டு, கையில் குடை, கோட்டுப் பையில் பொடி டப்பி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கூட்டப் படம் எடுக்கப் போனால் காமிராவை நிறுத்திவிட்டு முதலில் வரிசையின் கோடிக்குப் போவார். கோடியில் நிற்பவனிடம் ஆரம்பித்து ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்பார். “நீ யாருய்யா? எந்த ஊரு?” தோளைத் தொட்டு அரை அடி நகர்த்துவார். நடுவில் நாற்காலியில் இருக்கும் முதலாளியிடம் வரும்போது பாதி நேரம் போயிருக்கும், முதலாளி நெளிவார், நாயுடுவுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. திரும்பிக் காமிராவுக்கு வந்து, “இப்போ எல்லாரும் அவங்கவங்க வூட்டு வாசல்ல நிக்கிறீங்க. தெருக்கோடியில யாரோ வர்றாங்க. யாருன்னு பாக்கறீங்க. அவ்ளோதான்” என்பார். லென்ஸ் மூடியைக் கழற்றித் தெலுங்கில் எண்ணுவார். ஒகடி, ரெண்டு, மூடு, நாலுகு. நூறு பேர் மூச்சுகூட விடாமல் நிற்பார்கள். கைக்குழந்தைகூட அசையாது. அந்த வித்தை எப்படி என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

என் குரல் கட்டைக் குரல். ‘அசையாதீங்க’ என்று நான் சொன்ன மறுகணமே எவனுக்காவது மூக்கு அரிக்கும். கலவையில் ஒரு பள்ளிக்கூடப் படம் எடுத்தேன். மூன்று எண்ணுவதற்குள் தலைமை ஆசிரியருக்கு இரண்டு தலை வந்துவிட்டது. ஊர் பூராவும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த அவமானத்தில்தான் எனக்கு வாய் பெரிய லென்ஸ் மேல் ஆசை வந்தது. ஜனங்களை நிறுத்த எனக்குத் தெரியாது. அவர்கள் அசைவதற்கு முன்னால் படம் முடிந்துவிட வேண்டும். நாயுடு மனிதர்களைக் கொண்டு செய்ததை நான் சாமானைக் கொண்டு செய்யப் பார்த்தேன்.

யுத்தம் முடிந்து சீமைச் சாமான்கள் மறுபடி வர ஆரம்பித்த சமயம். நாயுடுவுக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. வெளிவேலை எல்லாம் என் தலையில். மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் மண்டிகளில் வருஷத்துக்கு ஒரு கூட்டப் படம் எடுத்து ஆபீஸில் மாட்டுவது அப்போது மோஸ்தர். தோல் காயப்போடும் கொட்டகைக்கும் மதில் சுவருக்கும் நடுவே உள்ள முற்றத்தில்தான் எடுக்க வேண்டும். பின்னால் போக இருபது தப்படிகூட இருக்காது. ஆட்களோ எண்பது, தொண்ணூறு. அகலப் பார்வை லென்ஸ் இல்லாமல் முடியாது. இருந்த பழைய லென்ஸ் பூசணம் பிடித்துப் போனது. மதராஸ் கடைக்கு எழுதினோம். பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லி இரண்டை அனுப்பினார்கள்.

ஒன்று சிறுவாய்க்காரன். வாயின் எண் பதினாறு, அதற்கு மேல் திறக்காது. மற்றது ஆறரை அங்குலம், எண் ஆறு புள்ளி மூன்று. எண் குறைந்தால் வாய் பெரிது. எங்கள் தொழிலில் எல்லாமே தலைகீழ்தான். ஸ்டூடியோவின் பின்சுவரில் பழைய செய்தித்தாள்களை வரிசையாக ஒட்டிவைத்து இரண்டு லென்ஸையும் சோதித்தேன். சிறுவாய்க்காரன் நடுவிலும் ஓரத்திலும் ஒரே மாதிரி எழுத்தைக் காட்டினான். ஆனால் நாலு எண்ண வேண்டியிருந்தது. பெரிய வாய்க்காரனை முழுக்கத் திறந்தால் ஒன்று எண்ணுமுன் முடிந்தது. நடுவில் எழுத்து கத்தி மாதிரி நின்றது. இரண்டு ஓரத்திலும் ஈரக்கையால் தேய்த்தாற்போல் கலங்கிவிட்டது. வாயைச் சுருக்கச் சுருக்க ஓரம் தெளிந்தது. பதினாறுக்குக் கொண்டுவந்தால் பழுதில்லை. இன்னொன்றும் கண்டுபிடித்தேன். செய்தித்தாளை நேர்ச்சுவரில் ஒட்டாமல் இரண்டு கோடியையும் காமிரா பக்கம் வளைத்துப் பிடித்தால் வாய் திறந்திருக்கும்போதே ஓரமும் ஓரளவு வந்துவிட்டது. ஆட்களை வில் மாதிரி வளைத்து நிறுத்தினால் போதும், கோடியில் இருப்பவர்கள் இரண்டடி முன்னால் வந்தால் காரியம் ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன். எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

நாயுடு ஈரம் காயாத பிரதிகளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல வெளிச்சத்தில் அவருக்கு இன்னும் கொஞ்சம் தெரியும்.

“ஏமய்யா தேவசகாயம், சின்ன வாயே போதுமே. ஜனங்க நிப்பாங்க. சொல்ற விதமாச் சொன்னா நிப்பாங்க.”

“நீங்க சொன்னா நிப்பாங்க. நான் சொன்னா ஆடறாங்க.”

அவர் சிரித்தார். பொடி போட்டுக்கொண்டார். “உன் இஷ்டம். நீதான் இனிமே வேலை செய்யப் போறே. ஓரத்தை மட்டும் பாத்துக்கோ. கோடியில நிக்கறவன் படத்துக்குன்னு குளிச்சிட்டு வந்திருப்பான்” என்றார். நான் பெரிய வாயையே எடுத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த லென்ஸ் பொய் சொல்லவில்லை. தன் குறை என்ன என்று முதல் நாளே சுவரில் காட்டிவிட்டது. பார்த்துத் தெரிந்துகொண்டு வாங்கியவன் நான்.

மேல்விஷாரத்து மண்டி ஒன்றில் அந்த வருஷம் ஐப்பசியில் கூப்பிட்டார்கள். முதலாளி ஹஜ் போய் வந்தவர். ஹாஜி சாயபு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். மதராஸிலிருந்து தோல் வாங்க ஒரு துரை வந்திருந்தார். சாயங்கால ரயிலுக்குத் துரை போக வேண்டும். அதற்குள் அவரையும் வைத்துப் படம். நான் போய்ச் சேரும்போதே வானம் மூட்டமாக இருந்தது.

தோல் மண்டியில் யார் எங்கே நிற்பது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுவில் நாற்காலிகளில் முதலாளியும் துரையும். பக்கத்தில் கணக்குப்பிள்ளைகள். பின்னால் மேஸ்திரிகள், அப்புறம் கத்தி வைத்துத் தோல் சீவுகிறவர்கள், ஆவாரம்பட்டைத் தொட்டிக்காரர்கள். இரண்டு கோடியிலும், தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவர்கள். சுண்ணாம்பு தின்று முழங்கால்வரை அவர்களுக்குக் கால் வெளுத்திருக்கும். எவ்வளவு குளித்தாலும் வாடை போகாது. எந்தச் சேரியிலிருந்து வந்தவர்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். நடுவே இருப்பவர் ஓரமாகப் போனாலும் போவார், குழிக்காரன் நடுவே வரமாட்டான்.

நான் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, “ரெண்டு கோடியிலயும் நிக்கறவங்க ரெண்டடி முன்னால வாங்க. வரிசை வில்லாட்டம் வளையணும்” என்றேன்.

கோடியில் நின்றவர்கள் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார்கள். மேஸ்திரி குப்புசாமி வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டார். ஆறடி ஆள். அந்த மண்டியில் சாயபுவைவிட அவருக்குத்தான் எல்லாரும் பயப்படுவார்கள்.

“இன்னாய்யா படக்காரரே, இது இன்னா கூத்து? குழிக்காரன் சாயபுக்கு முன்னால வந்து நிக்கறதா?”

“முன்னால இல்ல மேஸ்திரி. ஓரமாத்தான். லென்ஸுக்கு அப்படி நின்னாத்தான்...”

“லென்ஸுக்கு இன்னா தெரியும்? நாளைக்கு ஆபீஸ்ல மாட்டற படம் இது. வர்றவன் போறவன் எல்லாம் சிரிக்கணுமா? டேய், பின்னால போங்கடா. இன்னும் பின்னால. செவுத்தோட ஒட்டி நில்லுங்க.”

இடது கோடியில் நின்றவன் பெரிய வெள்ளைத் தலைப்பாகை கட்டியிருந்தான். அவன் உடனே பின்னால் போகவில்லை. மேஸ்திரியைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். யார் சொல்வதைக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஹாஜி சாயபு எதிரே நாற்காலியில்தான் இருந்தார். நல்ல மனிதர். ‘சாயபு, ஓரத்து ஆட்கள் முன்னால் வந்தால்தான் முகம் விழும்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வரட்டும் என்றிருப்பார். நான் சொல்லவில்லை. மேஸ்திரியோடு எதற்கு வம்பு என்று, போ என்று அவனுக்குத் தலையை ஆட்டினேன். அவன் பின்னால் போய்ச் சுவரோடு நின்றான். வில் மாதிரி வளைய வேண்டிய வரிசை எதிர்ப்பக்கமாக வளைந்துவிட்டது.

சரி, வாயைச் சுருக்கிப் பதினாறுக்குக் கொண்டுவந்தாலாவது ஓரம் தெளியும். அந்த மூட்டத்தில் ஐந்து எண்ண வேண்டும். ஐந்து! எனக்குக் கலவைப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. “ஜல்தி அய்யா, ஜல்தி, துரைக்கு ரயிலு போய்டும்” என்று சாயபு கைக்கடியாரத்தைக் காட்டினார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் காமிராவின் பின்பக்கத்து மங்கல் கண்ணாடியைப் பார்த்தேன். தலைகீழாக எண்பது பேர். நடுவில் துரையின் கோட்டுப் பித்தான் பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் ஒரு வெள்ளைத் தலைப்பாகை, அதன் கீழே ஒன்றுமில்லை. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வாயை முழுக்கத் திறந்தேன். ஓரத்தை எவன் பார்க்கப் போகிறான் என்று நினைத்தேன். அப்போது மனசுக்குள் சொன்ன வார்த்தை அதுதான்; ஓர் எழுத்துகூட மறக்கவில்லை.

படம் பிரமாதம் என்றார்கள். துரையின் கடியாரச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தெரிந்தது. மேஸ்திரி தனக்கென்று ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். ஓரத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

பங்குனியில் அந்த மண்டியில் மூடிக்கிடந்த பழைய குழி ஒன்றைச் சுத்தம் பண்ண ஆள் இறக்கினார்கள். இறங்கினவன் வரவில்லை. அவனைத் தூக்க இன்னொருவன் இறங்கினான், அவனும் வரவில்லை. மூன்றாவது ஆளை இறங்காதே என்று எல்லாரும் பிடித்து இழுத்தார்களாம். கையை உதறிக்கொண்டு இறங்கினானாம். குழியில் தேங்கியிருந்த விஷக்காற்று மூன்று பேரையும் முடித்துவிட்டது. மூன்றாவதாக இறங்கினவன் பெயர் முனுசாமி. இடது கோடியில் தலைப்பாகையோடு நின்றவன்.

இதெல்லாம் எனக்கு அவன் பெண்சாதி சொல்லித்தான் தெரியும். ஒரு நாள் காலையில் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றாள். இருபது வயதுகூட இருக்காது. நிறைமாதம். அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமத்தில் தாய் வீட்டில் இருந்தாள். அங்கிருந்து நடந்தே வந்திருந்தாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். பெஞ்சில் உட்காராமல் கீழே உட்கார்ந்தாள்.

“அய்யா, என் பேரு கன்னியம்மா. மண்டியில எடுத்தீங்களே, அந்தப் படத்துல எங்க வூட்டுக்காரு கீறாரு. எடது பக்கம் கோடி. ஆபீஸ்ல போயி கெஞ்சிப் பாத்துட்டு வந்தேன். தலப்பா தெரியுது, நான்தான் கட்டி அனுப்பினேன். மொகம்தான் தெரியல. எட்ட நின்னதால சின்னதா கீது. நீங்க பெருசு பண்ணிக் குடுங்கய்யா, மொகம் வந்துடும்.”

“பெரிசு பண்ணாலும்...” என்று இழுத்தேன்.

“வேற படம் அவருக்குக் கெடையாதுங்க. பொறக்கப் போற புள்ள அப்பன் மொகத்தப் பாக்க வேணாமா? கண்ணாடில புடிச்சது கண்ணாடில இருக்குமில்ல?”

கண்ணாடியில் இல்லையம்மா, நான் பிடிக்கவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் வரச் சொன்னேன்.

இருட்டறையில் அந்தத் தகட்டை உருப்பெருக்கும் விளக்கில் மாட்டி, ஒரு முழ உயரக் காகிதத்தில் ஓரத்தை மட்டும் விழவைத்தேன். மருந்துத் தட்டில் காகிதத்தை ஆட்டிக்கொண்டே நின்றேன். முதலில் சுவர் வந்தது. தலைப்பாகை வந்தது. தோள் வந்தது. முகம் வரவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை, அதற்குள் இரண்டு கறுப்பு நிழல். இன்னும் வரும் என்று ஆட்டினேன். வராது என்று எனக்குத் தெரியாதா? இருபது வருஷத் தொழில். ஒன்றுமில்லாததைப் பெரிசு பண்ணினால் பெரிய ஒன்றுமில்லாததுதான் வரும். தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சிவப்பு வெளிச்சத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அவள் வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். “தோளு அவருதுதான்” என்றாள். அழவில்லை. இதோடு போகச் சொல்லியிருந்தால் போயிருப்பாள். நான்தான் சும்மா இருக்க மாட்டாமல் வாயைக் கொடுத்தேன். “நீ அடையாளம் சொல்லும்மா, நான் முகத்தை எழுதித் தர்றேன்” என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் இருந்த நம்பிக்கையை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அடையாளம் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. யாருக்குத்தான் தெரியும்? மூக்கு எப்படி இருக்கும் என்றால், “மூக்கு மாதிரிதாங்க இருக்கும்” என்றாள். சிரித்தால் ஒரு பக்கம் உதடு மேலே போகும் என்றாள். எந்தப் பக்கம் என்றால் தன் உதட்டையே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டு முழித்தாள். ஸ்டூடியோவில் இருந்த மாதிரிப் படங்களை எல்லாம் எடுத்து அவள் முன்னால் பரப்பினேன். “இந்த மூக்கா? இதுவா?” குழந்தை பிறந்த பிறகும் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மொத்தம் நாலு நடை. கடைசியில் ஆம்பூர் வியாபாரி ஒருவரின் மூக்கை எடுத்தாள். குடியாத்தத்து வாத்தியார் ஒருவரின் கண்ணை எடுத்தாள். வாயும் மோவாயும் நாடகக்காரன் ஒருவனுடையது. அந்தச் சாம்பல் கறை எழுதுவதற்கு இடைஞ்சலாக இருந்ததால் அதே பிரதியில் அந்த இடத்தை மட்டும் மருந்து வைத்து வெளுத்தேன். எல்லா ஸ்டூடியோவிலும் அப்படித்தான் செய்வோம். வெளுத்த இடத்தில் கரிப்பென்சிலாலும் தூரிகையாலும் ஒரு மாதம் உட்கார்ந்து முகத்தை எழுதினேன். எழுதிய தடம் தெரியாது. என் கையிலிருந்து வந்த வேலைகளில் அதுபோல் இன்னொன்று இல்லை.

நாயுடு அதை ஜன்னலண்டை கொண்டுபோய்ப் பார்த்தார். “நல்லா எழுதியிருக்கே. யாரு இது?” என்றார்.

“முனுசாமி.”

“முனுசாமின்னு நீ சொல்றே” என்றார். பொடி டப்பியைத் தேடினார். நான் கோபித்துக்கொண்டு அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

கன்னியம்மா பார்த்ததும் படத்தைக் கையில் வாங்கவே பயந்தாள். அப்புறம் வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டு, “அவருதாங்க. இப்படித்தான் பாப்பாரு” என்று ஓ என்று அழுதாள். குழந்தையின் கையைப் பிடித்துப் படத்தின் கன்னத்தைத் தொடவைத்தாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. செய்த தப்பைச் சரிக்கட்டிவிட்டேன் என்று அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஏழெட்டு வருஷம் கழிந்தது. நாயுடு காலமாகிவிட்டார், ஸ்டூடியோ என் பொறுப்பில் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் கன்னியம்மா வந்தாள். தனியாகத்தான் வந்தாள். இளைத்திருந்தாள், முன்தலை நரைத்துவிட்டது. பழைய புடவைத் துணியில் சுற்றி எடுத்து வந்த படத்தை மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். சட்டம் போட்டுப் பொட்டு வைத்திருந்தது.

“இத எடுத்துக்கங்க அய்யா” என்றாள்.

“ஏம்மா? பூச்சி அரிச்சிடுச்சா?”

“படம் நல்லாத்தான் கீதுங்க. எனக்குத்தான் சரியில்ல.” சட்டத்தைத் துணி நுனியால் துடைத்தாள். “மொதல்லாம் கண்ண மூடினா அவரு வருவாரு. மண்டிலேர்ந்து வந்து தொட்டியண்ட குந்திக் காலு கழுவுவாரு. திரும்பி என்னப் பாப்பாரு. இப்ப கண்ண மூடினா இந்த ஆளு வர்றாரு அய்யா. இந்த ஆளு காலு கழுவறாரு. இந்த ஆளு என் பேரச் சொல்லிக் கூப்புடறாரு. எனக்குப் பயமா கீது. எங்க வூட்டுக்காரு மொகம் எனக்கு வர்ல. ரெண்டு வருஷமாத் தேடறேன், வர்ல.”

உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

“அந்த மொதோ படத்தக் குடுங்க. நீங்க எழுதறதுக்கு முன்னால காட்டினீங்களே, மொகம் கலங்கி இருந்துச்சே, அது. அதப் பாத்தா நெனப்பு வந்தாலும் வரும். மொகம் இல்லாட்டிப் போவுது. அது அவருதானே?”

அவள் கேட்டது அவ்வளவுதான். ஒரு கறை. நான் திறந்துவைத்த வாய் வழியாக வந்து விழுந்த, அவன் மேல் பட்டுத் திரும்பிய கொஞ்சம் வெளிச்சம்.

என்னிடம் அது இல்லை. கண்ணாடித் தகடுகளைப் பத்து வருஷத்துக்கு மேல் எந்த ஸ்டூடியோவும் வைத்துக்கொள்வதில்லை, இடம் ஏது? சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, மேல்பூச்சைச் சுரண்டிவிட்டு, வெறும் கண்ணாடியைச் சட்டம் போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். அந்த மண்டித் தகடுகளுக்குப் பத்து வருஷம்கூட ஆகவில்லை. போன மழைக்கு அறை ஒழுகியதென்று நான்தான் முன்கூட்டியே சுரண்டச் சொன்னேன். யாரும் திரும்பப் பிரதி கேட்காத வருஷம் என்று சொல்லிச் சுரண்டச் சொன்னேன்.

“தகடு இல்லம்மா. அழிச்சாச்சு” என்றேன்.

“ஆபீஸ்ல மாட்டியிருந்ததே?”

தோல் விலை விழுந்தபோது அந்த மண்டியை மூடிவிட்டார்கள். அந்தப் படமும் மேஸ்திரியின் பிரதியும் எங்கே போயின என்று நான் ஏற்கெனவே ஒரு தரம் கேட்டிருந்தேன்; எவருக்கும் தெரியவில்லை. அதையும் சொன்னேன்.

அவள் மேஜைமேல் இருந்த படத்தைக் காட்டினாள். “அப்போ இத அழிச்சிடுங்க. நீங்க மேல எழுதினதுதானே? கழுவிட்டா அடியில அவரு இருப்பாரில்ல?”

பொய் சொல்லியிருக்கலாம். கழுவினால் காகிதம் கிழியும் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அவளிடம் நான் ஒரு தரமாவது உண்மை சொல்ல வேண்டாமா என்று தோன்றியது. எழுதுவதற்கு முன்னால் அந்த இடத்தை மருந்து வைத்து வெளுத்துவிட்டேன், அடியில் வெறும் காகிதம்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். இந்தத் தடவை புரிந்தது.

“அப்போ அவரு எங்கியும் இல்லியாங்க அய்யா?”

“இல்லம்மா” என்றேன்.

அழுவாள், ஏசுவாள், படத்தைத் தூக்கி என்மேல் எறிவாள் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் துணியை எடுத்து, மூலைகளை மடித்து, மறுபடி படத்தைச் சுற்ற ஆரம்பித்தாள்.

“வேணாம்மா, இங்கேயே விட்டுட்டுப் போ. நான் வச்சுக்கறேன்.”

“இல்லீங்க அய்யா” என்றாள். முடிச்சை இறுக்கினாள். “வூட்டுக்குப் போனா புள்ள அப்பா எங்கன்னு தேடுவான்.”